உதவிக்கு வந்த சாரதி

தம்பி,

நான் வீடு வந்து சேர்ந்து மூன்று நாளாகிறது. காலைக் கழற்றிக் கதிரைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டு, சமையலறை மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். தொலைபேசியில் பேசினால் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவாய். நானும் குளிர், மழை, சாப்பாடு என்று மூன்று விஷயம் சொல்லி முடித்துவிடுவேன். குரல் செய்தி அனுப்பலாம் என்று பார்த்தேன். மூன்று தடவை தொடங்கி மூன்றையும் அழித்தேன். எழுத்து என்றால் நீ மெதுவாகத்தான் வாசிப்பாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் அவ்வளவு தூரம்தான் இழுக்கும். பரவாயில்லை, மெதுவாகவே வாசி. இதைச் சொல்ல எனக்கு முப்பத்தைந்து வருடம் எடுத்திருக்கிறது. நீ ஒரு மணித்தியாலம் எடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

நாலு மாதத்துக்கு முன்னால், உனக்கு மகள் பிறந்த அன்று, ஸ்டுட்கார்ட் ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூப்பிட்டாய். "அப்பா, பிள்ளைக்கு இடது கையில விரல் இல்லை. உள்ளங்கை மட்டும் இருக்கு. மற்றபடி சுகம்" என்றாய். சுகன்யா எப்படி என்று கேட்டேன். அவளும் சுகம் என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அப்பா. உங்கட டோர்ட்மண்டில ஒருத்தருக்கும்" என்றாய். நான் உடனே "சரி" என்றேன். வேறொரு தகப்பன் என்றால் ஏன் என்று கேட்டிருப்பான். எனக்குக் கேட்க வாய் வரவில்லை, ஏனென்றால் அது நான் உனக்குப் பழக்கிய பேச்சு. அதன் பிறகு பதினொரு படம் அனுப்பியிருக்கிறாய். பதினொன்றிலும் அவளுடைய இடது கை போர்வைக்குள்ளே இருக்கிறது. நான் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். போர்வை பெரிதாகும், அவ்வளவுதான்.

உனக்கு ஏழு வயதிருக்கும்போது நடந்தது நினைவிருக்கிறதோ தெரியாது. எனக்கு ஒரு நாளும் மறந்ததில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஆளுக்காள் தகப்பன்மாரைப் பற்றிப் பெருமை அடித்திருக்கிறீர்கள். ஒருவனுடைய அப்பா உதைபந்து விளையாடுவாராம், இன்னொருவனுடைய அப்பா லொறி ஓட்டுவாராம். நீ, "என்ர அப்பா காலைக் கழற்றி வைப்பார், உங்கட அப்பாமாருக்கு ஏலுமோ?" என்று கேட்டிருக்கிறாய். அதைக் கேட்ட ஒரு பிள்ளையின் தாய் உன் அம்மாவிடம் வந்து சிரித்துக்கொண்டே விசாரித்தாள். அம்மா, "அவன் விளையாட்டுக்குச் சொல்லுறான்" என்று சமாளித்தாள். காரில் ஏறியதும் நான் திரும்பி உன் கன்னத்தில் அறைந்தேன். "வீட்டுக் கதை வெளியில போகக் கூடாது" என்றேன். நீ அதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை தம்பி. வித்தை காட்டுகிற தகப்பன் ஒருவன் உனக்கு இருந்தான், அதைச் சொல்லி நீ கொண்டாடினாய். வெட்கத்தை உனக்குள் போட்டது என்னுடைய கைதான். அந்த அடிக்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். பிந்திப்போன மன்னிப்பு, தெரியும்.

என் கால் போன கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனேன், மிதிவெடியில் மிதித்தேன். சண்டை பிடிக்கவில்லை, ஒருவரையும் காப்பாற்றவும் இல்லை. இங்கே வரும்போது கூட்டிவந்த ஏஜென்ட், "காலைப் பற்றி மூச்சுக் காட்டாதை. எந்த இயக்கம் எண்டு கேப்பாங்கள்" என்று வெருட்டி வைத்தான். அது முதல் காரணம். அகதி விண்ணப்பம் சரிவந்து அந்தப் பயம் போன பிறகும் ஏன் மறைத்தேன் என்று கேட்டால், நேர்மையான பதில் ஒன்றுதான். நொண்டி என்ற சொல்லை என் பெயருக்கு முன்னால் கேட்க எனக்கு விருப்பமில்லை. முழங்கால் வருத்தம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். காலைச் செய்து கொடுக்கிற கடைக்கு இரண்டு நகரம் தாண்டிப் போனேன், தமிழ்ச் சனத்தின் கண்ணில் படக்கூடாது என்பதற்காக. தொழிற்சாலையில் நிற்காமல் இருந்தபடி வேலை செய்யலாம் என்று பாரம் தூக்கும் வண்டி ஓட்டினேன். உன் அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல்தான் கலியாணம் பேசினேன். ஊருக்கு அனுப்பிய படத்தில் கதிரையில் இருந்தேன். அவள் இங்கே வந்து இறங்கிய அன்று பின்னேரம் காலைக் கழற்றிக் காட்டினேன். "இதை மட்டும்தானோ மறைச்சனீங்கள், இன்னும் ஏதும் இருக்கோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்குப் பிறகு சாகும்வரை எனக்காகப் பொய் சொன்னாள். ஒரு நல்ல மனுசியைப் பொய்க்காரியாக்கி வைத்திருந்தேன்.

கோயில் விஷயம் உனக்குத் தெரியும். சப்பாத்தோடு கோயிலுக்குள் போக முடியாது. என்னுடைய கால் சப்பாத்தின் குதி உயரத்துக்கு ஏற்றபடி அமைத்தது. சப்பாத்தைக் கழற்றினால் உடம்பு பின்பக்கம் சாய்ந்துவிடும், ரப்பர் பாதம் தரையில் தட்டுகிற சத்தமும் கேட்கும். அதனால் கடவுள் இல்லை என்று சொல்லத் தொடங்கினேன். முப்பது வருடம் நாத்திகம் பேசினேன், தம்பி. திருவிழாவுக்கு உன்னையும் அம்மாவையும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு இருப்பேன். மணி கேட்கும். எனக்குள்ளே கும்பிட்டுக்கொள்வேன். யாராவது பக்கத்தில் வந்தால் வானொலியைப் பெரிதாக்குவேன்.

உன் கலியாணத்திலும் அதைத்தான் செய்தேன். "அப்பா, ஒரே ஒரு நாள். வேட்டியைக் கொஞ்சம் பதிச்சுக் கட்டினா ஒருத்தருக்கும் தெரியாது. மணவறைக்கு வாங்கோ" என்று நீ கெஞ்சினாய். "பெரியப்பா இருக்கட்டும், எனக்கு உந்தச் சடங்கில நம்பிக்கை இல்லை" என்றேன். ஆணும் பெண்ணுமாகச் சோடியாக இருக்க வேண்டிய இடம் அது. நான் ஏறாததால் உன் அம்மாவும் ஏற முடியாமல் போனது. பெரியம்மா பட்டுச்சேலையோடு மணவறையில் இருந்தா. உன்னைப் பெற்றவள் என்னோடு முன்வரிசைக் கதிரையில் இருந்து, கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கலியாணத்துக்கு முதல் கிழமை உன்னிடம் ஒரு சத்தியமும் வாங்கினேன். சுகன்யாவுக்கும் என் காலைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று. நீ சத்தியம் செய்தாய், காப்பாற்றியும் வருகிறாய். அந்தச் சத்தியத்தைப் பற்றி இன்னும் கொஞ்சத்தில் எழுதுகிறேன்.

அம்மா போய் மூன்று வருடமாகிறது. இந்த வீட்டில் என் காலைப் பற்றித் தெரிந்த இன்னொரு உயிர் இல்லை. ஒரு ரகசியத்தை இரண்டு பேர் வைத்திருந்தால் அது ஒரு குடும்பம் மாதிரி. தனிய வைத்திருந்தால் வெறும் பாரம்தான். சித்திரை மாதம் கால் செய்கிற கடைக்குப் போனபோது சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. மாற்றுத்திறனாளிகளும் ஊர்ச் சனங்களும் சேர்ந்து, மரத்தால் செய்த ஒரு தடியைக் கைமாற்றிக் கைமாற்றி ஸ்டுட்கார்ட்டிலிருந்து டோர்ட்மண்ட் வரைக்கும் கொண்டு போகிறார்களாம். பத்து நாள் பயணம். ஒவ்வொரு ஊர்ச் சதுக்கத்திலும் நின்று, தங்களைப் பற்றித் தாங்களே பேசுவார்களாம். சக்கர நாற்காலி, சாப்பாடு, படுக்கை எல்லாம் ஏற்றிவர வேன் சாரதி தேவை என்று போட்டிருந்தது. நல்ல காரியத்துக்குப் போனேன் என்று சொன்னால் அது பொய். ஸ்டுட்கார்ட் என்ற சொல்லைப் பார்த்துத்தான் போனேன். உன் ஊருக்கு வர எனக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

புறப்படுவதற்கு முதல் நாள் உன் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் நின்றுகொண்டுதான் உன்னைக் கூப்பிட்டேன். "இப்ப வீடு சரியில்லை அப்பா. சுகன்யாவுக்கும் மனம் சரியில்லை. பிறகு வாங்கோ" என்றாய். சரி என்றேன். பேத்திக்கு வாங்கிய சின்ன மேற்சட்டை ஒன்று வேனின் முன்தட்டில் இருந்தது. பத்து நாளும் அது என்னோடு வந்தது.

ஒழுங்கமைப்பாளர் பிரிகிட்டே என்கிற ஜெர்மன் பெண்மணி, என் வயதுக்காரி. என் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி முன்பக்கத்தைப் பார்த்துப் படமெடுத்துவிட்டுத் திருப்பித் தந்தா. பின்பக்கத்தில் ஒரு சின்ன எண் இருக்கிறது. கிளச் இல்லாத ஓட்டோமற்றிக் வண்டி மட்டும்தான் இவர் ஓட்டலாம் என்று அதற்கு அர்த்தம். பிரிகிட்டே பின்பக்கத்தைத் திருப்பவில்லை, நானும் திருப்பிக் காட்டவில்லை. தந்த வேன் ஓட்டோமற்றிக்தான், அதனால் பிரச்சினை இல்லை என்று நினைத்தேன்.

முழு வழியும் வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஒருத்தி தமிழ்ப் பிள்ளை, டிலானி. தாய் தகப்பன் மன்னார், கத்தோலிக்க வேதக்காரர். இவள் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவள், ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கையால் சுற்றி ஓட்டுகிற சைக்கிளில் நிலத்தோடு படுத்தமாதிரிக் கிடந்துகொண்டு பறப்பாள். முதல் நாளே, "அங்கிள், நீங்கள் தமிழோ? அப்ப எனக்குத் தேத்தண்ணி ஒழுங்காக் கிடைக்கும்" என்றாள். அவளுடைய சக்கர நாற்காலி என் வேனில்தான் வரும். அவள் ஓட்டி முடிக்கிற இடத்தில் நான் நாற்காலியோடு நிற்க வேண்டும். எங்களுக்குள் இருந்த ஒழுங்கு அது.

இப்படித்தான் நான் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி செய்கிற நல்ல மனிதர் ஆனேன். டார்ம்ஸ்டாட்டில் இந்தியத் தமிழ் மாணவர்கள் கொஞ்சப் பேர் சாம்பார் சாதம் செய்துகொண்டு வந்து எங்களை வரவேற்றார்கள். "இந்த வயசுல வாலன்டியரா வந்திருக்கீங்களே அங்கிள், ரியலி கிரேட்" என்று ஒரு பெடியன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். மற்றவர்கள் கை தட்டினார்கள். படமும் எடுத்தார்கள். எனக்குச் சந்தோசமாக இருந்தது, தம்பி. வெட்கம் வந்ததென்று எழுதலாம், ஆனால் அன்றைக்கு வரவில்லை. உன் அம்மா போன பிறகு ஒருவர் என் கையைப் பிடித்துப் பேசியது அன்றுதான். மற்றவர்கள் எல்லாரும் பின்னேரமானால் மண்டபத்தில் காலை, கையை, கருவிகளைக் கழற்றிப்போட்டுவிட்டுப் பகிடிவிட்டுச் சிரிப்பார்கள். நான் முதுகுநோ என்று சொல்லி வேனுக்குள் போய்ப் படுத்தேன். காலைக் கழற்ற எனக்கு மூடிய கதவு தேவைப்பட்டது. காலில்லாதவர்களுக்கு நடுவில், கால் இருக்கிறவனாக நடிக்க வந்த ஒரேயொருவன் நான்.

ஐந்தாம் நாள் பிங்கனில் என் வேன் பழுதாகிப் போனது. வாடகைக் கடையில் அவசரத்துக்குக் கிடைத்தது கியர் மாற்றி ஓட்டுகிற வேன். பிரிகிட்டே சாமான்களை மாற்றி ஏற்றிவிட்டுச் சாவியைத் தந்தா. டிலானி விடியவே றைன் ஆற்றங்கரைப் பாதையில் புறப்பட்டுவிட்டாள். அடுத்த சந்திப்பு இடத்தில் நான் அவளுக்காக நிற்க வேண்டும். கிளச்சை மிதிக்க எனக்கு இடது கால் இல்லை. ஒரு வசனம் போதும், தம்பி. "எனக்கு ஓட்டோமற்றிக் மட்டும்தான் ஓட்டலாம்." காரணத்தைக்கூடச் சொல்லத் தேவையில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்களே என்று பயந்தேன். "தலையிடி தாங்க ஏலாமல் இருக்கு" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டு மதில் ஓரமாக இருந்தேன்.

எங்களோடு வந்த இரண்டாவது வேன் மற்றவர்களோடு எங்கேயோ முன்னால் போய்விட்டது. பிரிகிட்டேக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. வேறு ஆள் தேடி ஒவ்வொரு இடமாகத் தொலைபேசி எடுத்தா. மழை பிடித்துக்கொண்டது. டிலானி என்னைக் கூப்பிட்டாள். "அங்கிள், எங்க நிக்கிறியள்? நான் வந்திட்டன். நனையிறன்." நான், "வாறன் பிள்ளை, கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். அதுவும் பொய். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அந்தப் பிள்ளை நாற்காலியில்லாமல், இறங்கவும் முடியாமல், மறைவுக்குப் போகவும் முடியாமல் மழைக்குள் கிடந்தாள். கடைசியில் ஒரு ஆள் கிடைத்து வேன் போய்ச் சேர்ந்தபோது உதடு நீலம் பாரித்திருந்ததாம். அன்றிரவு அவளுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் மறித்துப் படுக்க வைத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் காலை அவளைப் பார்க்கப் போனேன். போகும் வழியெல்லாம் தலையிடியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு போனேன். இன்னும் கொஞ்சம் பெரிய தலையிடியாகச் சொல்லலாமோ, பிரஷர் என்று சொல்லலாமோ என்று. ஆனால் அவள் என்னைக் கண்டவுடன், "அங்கிள், தலையிடி சுகமோ? மாத்திரை போட்டனீங்களோ?" என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை.

"தலையிடி இல்லை பிள்ளை. எனக்கு இடது கால் இல்லை, முழங்காலுக்குக் கீழ. கிளச் மிதிக்க ஏலாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு உன்னை மழைக்குள்ள விட்டிட்டன்."

கொஞ்ச நேரம் என் சப்பாத்தைப் பார்த்தாள். "எத்தினை வருசமா?"

"முப்பத்தஞ்சுக்கு மேல."

"அப்ப டார்ம்ஸ்டாட்டில அந்தப் பெடியள் உங்களுக்குக் கை தட்டேக்கை, நான் பக்கத்திலதானே இருந்தனான். அப்பவும் ஒண்டும் சொல்லத் தோன்றேல்லையோ?" என்றாள். "போங்கோ அங்கிள். இப்ப எனக்கு உங்களைப் பார்க்க ஏலாது" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மர வாங்கில் எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. உனக்கு அழைப்பெடுக்க நினைத்தேன், என்ன சொல்வதென்று தெரியாமல் விட்டேன். பிறகு பிரிகிட்டேயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவ கோபப்பட்டா, நியாயமான கோபம். ஆனாலும் ஓட்டோமற்றிக் வேன் திரும்பிக் கிடைத்ததும் சாவியை என்னிடமே தந்தா.

இரண்டு நாளுக்குப் பிறகு டிலானி கோப்லென்ஸ் தாண்டி எங்களோடு வந்து சேர்ந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் சக்கர நாற்காலியை நேரே என்னிடம் ஓட்டிவந்து, "காட்டுங்கோ" என்றாள். எல்லாருக்கும் நடுவில் காற்சட்டையை உயர்த்தினேன். மெக்கானிக் பழைய எஞ்சினைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தாள். "என்ன அங்கிள் இது, மியூசியத்தில வைக்கிற சாமான்! இப்ப குதி உயரத்தை மாத்திற பாதம் எல்லாம் இருக்கு. வெறுங்காலோட நடக்கலாம். காப்புறுதிக்கு அன்ட்ராக் போட்டாத் தருவாங்களே." போட்டால் வீட்டுக்குக் கடிதங்கள் வரும், யாராவது பார்ப்பார்கள் என்று நான் ஒரு விண்ணப்பமும் போட்டதில்லை என்றேன். மாற்றுத்திறனாளி அட்டையாவது எடுத்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். "வேலை செய்த காலமெல்லாம் மேலதிக லீவு கிடைச்சிருக்குமே! விசரோ உங்களுக்கு?" என்று கத்தினாள். பக்கத்திலிருந்த ஜெர்மன்காரர்களுக்கு மொழிபெயர்த்தும் சொன்னாள். அவர்களும் தலையில் கை வைத்தார்கள். நானும் சிரித்தேன். அந்த லீவு நாள்களில் உன்னோடு எங்கேயாவது போயிருக்கலாம் என்பது பிறகுதான் மனதில் பட்டது.

அன்றைக்கு அவள் தன் தாயைப் பற்றிச் சொன்னாள். "என்ர அம்மா என்னை ஒரு இடமும் மறைக்கேல்லை அங்கிள். கோயில் பெருநாள், பிறந்தநாள், கலியாண வீடு, எல்லா இடமும் தள்ளிக்கொண்டு திரிஞ்சா. சனம் 'ஐயோ பாவம்' எண்டு வரும். 'உங்கட பாவத்தை உங்கட வீட்டில வையுங்கோ, பிள்ளைக்குச் சாப்பிட ஒரு ரோல்ஸ் தாங்கோ' எண்டுவா." உன் மகளைப் பற்றி வாய்வரை வந்தது, தம்பி. சொல்லவில்லை. உனக்குத் தந்த சொல்லை உடைக்க எனக்கு உரிமை இல்லை.

கடைசி நாள் டோர்ட்மண்ட். தமிழ்க் கடைகள் இருக்கிற தெருவழியாகத்தான் பாதை போட்டிருந்தார்கள். காலையில் அரைக் காற்சட்டை ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். அப்படிச் செய்யச் சொல்லி ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. வேனை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, டிலானியிடமிருந்து அந்தத் தடியை வாங்கிக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தேன். முந்நூறு மீற்றர் இருக்கும். முப்பது வருடமாக என்னை அறிந்த சனம் கடைவாசல்களில் நின்றது. ஒருவரும் கை தட்டவில்லை. "அண்ணை" என்று ஒருவர் தொடங்கி நிறுத்திவிட்டார். முழங்காலுக்குக் கீழே காற்றுப் படுகிற இடத்தில் எனக்கு உணர்ச்சி இல்லை, ஆனால் எல்லாருடைய கண்ணும் படுகிறது தெரிந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் நடந்ததில்லை.

செல்வம் அண்ணையை உனக்குத் தெரியும், மரக்கறிக் கடைக்காரர். அவர் மட்டும் தெருவுக்கு இறங்கி வந்தார். "பேத்தி பிறந்ததெண்டு கேள்விப்பட்டன். சுகமோ?" என்றார். "ஓம், சுகம்" என்றேன். பிறகு என் காலைப் பார்த்தார்.

"எப்ப நடந்தது அண்ணை?"

"ஊரில. இஞ்ச வர முதலே."

"முதலே?" என்று திரும்பக் கேட்டார். ஒரு நிமிடம் ஏதோ கணக்குப் பார்க்கிறவர் மாதிரி நின்றார். "நீங்கள் ஒரு நாளும் எங்கட வீட்டுக்குள்ள வரேல்லை. மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கும் படலையோட வந்து காசைத் தந்திட்டுப் போனீங்கள். தண்ணிகூடக் குடிக்கேல்லை. நாங்கள் வேற மாதிரி நினைச்சம். எங்கட வீட்டில கை நனைக்க விருப்பமில்லையாக்கும் எண்டு."

"சப்பாத்துக் கழற்ற ஏலாமல்தான் அண்ணை வரேல்லை."

"என்ர மனிசி கடைசிவரைக்கும் உங்கட பேரைச் சொல்லேல்லை. 'அந்தப் பெரிய சாதிக்காரர்' எண்டுதான் சொல்லுவாள். போன வருசம் செத்திட்டாள்." அவர் தேத்தண்ணிக்குக் கூப்பிடவில்லை. கடைக்குள் போய்விட்டார். நான் தடியைக் கொண்டுபோய் அடுத்த ஆளிடம் கொடுத்தேன்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் கஷ்டமான இடம். செல்வம் அண்ணை சொன்னது எனக்குப் புதுச் செய்தி இல்லை. உன் அம்மா வருடங்களுக்கு முன்னமே சொன்னாள். "நீங்கள் ஒரு வீட்டுக்குள்ளயும் போறேல்லை. சனம் சாதி பார்க்கிறார் எண்டு கதைக்குது." நான் "கதைக்கட்டும்" என்றேன். யோசித்துத்தான் சொன்னேன். நொண்டி என்று பெயர் எடுப்பதைவிடச் சாதிமான் என்று பெயர் எடுப்பது மேல் என்று எனக்குத் தோன்றியது. என் காலை மறைக்க மற்றவர்களின் மானத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். ஒரு மனுசி அந்த அவமானத்தோடு செத்தும் போனாள். அவளிடம் போய்ச் சொல்ல எனக்கு இனி வழியில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உன் மணவறை நினைவுக்கு வந்தது. தங்கள் பெண்ணுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் இருக்க மறுத்தபோது சுகன்யாவின் அப்பா என்ன நினைத்திருப்பார்? அவர் அதற்குப் பிறகு என்னை ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை. சுகன்யா என்ன நினைத்துக்கொண்டு இந்த ஐந்து வருடமும் எனக்குச் சாப்பாடு போட்டாள்? உங்கள் வீட்டுக்குள்ளும் சப்பாத்தோடு திரிகிற மாமா. தன் குடும்பத்தைக் கீழாகப் பார்க்கிறார் என்று நினைத்த மனிதரிடம், விரல் இல்லாத பிள்ளையைக் கொண்டுவந்து காட்ட எந்தத் தாய்க்கு மனம் வரும்? அவளுக்கு மனம் சரியில்லை என்று நீ சொன்னாயே. அவளுடைய மனதைப் பற்றி எனக்கு ஒரு கோபமும் இல்லை. காரணம் தெரிந்திருந்தும் சத்தியத்துக்காக வாய் திறக்காமல், இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கிறாய் நீ. ஏழு வயதில் வாங்கிய அடி உன்னை இன்னும் விடவில்லை.

அந்தச் சத்தியத்திலிருந்து உன்னை விடுவிக்கிறேன். இந்தக் கடிதத்தை முழுதாக, ஒரு வரி விடாமல், சுகன்யாவுக்கு வாசித்துக் காட்டு. அவளுடைய அப்பாவுக்கு நானே நேரில் சொல்கிறேன். அவர் என்னைத் திட்டட்டும், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். உன் மகளின் கையைப் பற்றி உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் மறைப்பதைப் பற்றி என்னைவிடத் தெரிந்த ஆள் உனக்குக் கிடைக்கமாட்டான். மறைக்கத் தொடங்கினால் கையோடு நிற்காது. யாருடைய வீட்டுக்குப் போகலாம், எந்தப் படத்தில் நிற்கலாம், யாரை விரும்பலாம் என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கும். நான் என் காலைத் திறந்து காட்டினேன், அது என்னுடையது. அவளுடைய கை எனக்குச் சொந்தமில்லை, உனக்கும் சொந்தமில்லை. அவள் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் அந்தக் கையைப் பற்றிப் பெருமை அடித்துவிட்டு வந்தால், அவளை அடித்துவிடாதே.

டிலானி அனுப்பிய விண்ணப்பத்தை நிரப்பிவிட்டேன். புதுப் பாதம் வரச் சில மாதம் ஆகுமாம். அதுவரை நான் காத்திருக்க விரும்பவில்லை. சுகன்யா சரி என்று சொன்னால் கூப்பிடு, அடுத்த ரயிலில் வருகிறேன். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை மட்டும் எடுத்து வை. சப்பாத்தைக் கழற்ற எனக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

அப்பா